சர்வர் சும்மா நின்றாலும் மீட்டர் ஓடும்: வேகம் கெடாமல் மின்சாரத்தைக் குறைப்பது எப்படி?

தட்கல் டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி ஏற்கெனவே தெரியும். காலை 10 மணிக்கு ஏசி வகுப்பு திறக்கும், 11 மணிக்கு ஏசி இல்லாத வகுப்பு. எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போக வேண்டியவர்கள் எல்லாரும் முன்கூட்டியே லாகின் செய்து, மணி ஆனதும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு அதே தளத்தைத் திறந்தால் பட்டென்று வருகிறது. பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலை, சேப்பாக்கம் மேட்சுக்கு டிக்கெட் திறக்கும் நேரம், மழை கொட்டும் சனிக்கிழமை இரவில் வேளச்சேரி பூராவும் சாப்பாடு ஆர்டர் செய்யும் நேரம், எல்லாம் இதே கதைதான்.

இப்படி ஏறி இறங்கும் வேலைக்காக சர்வர் வாங்கும்போது உச்சக் கூட்டத்தை மனதில் வைத்துத்தான் வாங்குகிறோம். வேறு வழியில்லை. ஆனால் கூட்டம் இல்லாத மீதி நேரத்தில் அந்த மெஷின்கள் எவ்வளவு கரண்டு இழுக்கின்றன? அதைக் குறைக்கப் போனால் காலை 10 மணிக்கு மாட்டிக்கொள்வோமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவருக்குப் புரியும்படி பதில் சொல்லிப் பார்க்கிறேன். சர்வர் என்றால் என்ன, சிபியு என்றால் என்ன என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

சும்மா இருப்பதற்கும் செலவு உண்டு

வேலை இல்லாத சர்வர் கரண்டும் இழுக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இழுக்கும். 2007-ல் கூகிளில் இருந்த லூயிஸ் பரோசோவும் ஊர்ஸ் ஹோல்ஸ்லேயும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தங்கள் நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சர்வர்களை மாதக்கணக்கில் கவனித்ததில், அவை பெரும்பாலான நேரம் 10 முதல் 50 சதவீதம் வரைதான் வேலை செய்கின்றன என்று அதில் சொன்னார்கள். முழு ஓய்வும் அபூர்வம், முழு வேகமும் அபூர்வம். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: நல்ல சர்வர் என்று பெயர் வாங்கியதுகூட, கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாமல் நிற்கும்போது, முழு வேகத்தில் இழுப்பதில் பாதியை இழுக்கிறது. வேலைக்கு ஏற்ற அளவில்தான் மின்சாரம் செலவாக வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த இலக்கு. அதன் பிறகு வந்த சர்வர்கள் நிறையத் தேறிவிட்டன என்றாலும், வேலை இல்லாதபோது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகும் சர்வர் இன்னும் வரவில்லை. மெமரி, விசிறி, நெட்வொர்க் கார்டு, டிஸ்க், போர்டில் இருக்கும் கண்காணிப்புச் சிப் எல்லாம் எப்போதும் விழித்தே இருக்கின்றன.

பணக்கணக்காகப் பார்த்தால், ஒரு சர்வர் தேவையில்லாமல் 100 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம், அதாவது 876 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் சுமார் 7,000 ரூபாய். ஒரு சர்வருக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது. ஒரு ரேக்கில் இருபது சர்வர், அப்படி ஐம்பது ரேக் என்று பெருக்கிப் பாருங்கள், 70 லட்சம் வரும். குளிரூட்டும் செலவு இதில் சேரவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வேகம் என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள்

எந்த செட்டிங்கைத் தொடுவதற்கு முன்னாலும் இதைப் பேசியாக வேண்டும், ஆனால் பெரும்பாலான இடங்களில் இதைத்தான் யாரும் பேசுவதில்லை. "பெர்ஃபார்மன்ஸ் குறையக் கூடாது" என்று மேனேஜர் சொல்லிவிடுவார், உடனே எல்லா சர்வரையும் அதிகபட்ச வேகத்தில் பூட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

பயன்படுத்துகிறவருக்கு சிபியு எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று தெரியாது. பட்டனை அழுத்தியதும் பதில் எத்தனை நேரத்தில் வருகிறது என்பதுதான் அவருக்குத் தெரியும். அதிலும் 40 மில்லிசெகண்டில் வந்தாலும் 70 மில்லிசெகண்டில் வந்தாலும் தாம்பரத்தில் போனைக் கையில் வைத்திருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது, அவருடைய மொபைல் நெட்வொர்க்கே அதைவிட அதிகமாக ஆடும். ஆகவே முதலில் ஓர் எல்லை வேண்டும். உதாரணமாக, நூறு கோரிக்கைகளில் 99-க்கு 200 மில்லிசெகண்டுக்குள் பதில் போக வேண்டும் என்பது போல. இப்போது உங்கள் சர்வர் 80-ல் பதில் தருகிறது என்றால், மீதி 120 மில்லிசெகண்ட் உங்கள் கையில் இருக்கும் உபரி. அந்த உபரியைக் கொடுத்துத்தான் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம். இனி வரும் எல்லாத் தந்திரமும் இந்த ஒரே பேரம்தான்: எவ்வளவு தாமதத்தை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு வாட் கிடைக்கும் என்பது.

சராசரியைப் பார்க்காமல் 99-வது சதமானத்தை, அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் எத்தனை நேரத்துக்குள் முடிகின்றன என்பதை, பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கத்தைக் காட்ட நூறு சர்வர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு தடவைதான் மெதுவாகிறது என்று வைத்தால், அந்தப் பக்கம் மெதுவாக வருவதற்கான வாய்ப்பு 63 சதவீதம். சராசரி அழகாக இருக்கும், வாடிக்கையாளர் திட்டிக்கொண்டிருப்பார்.

வேகத்தைக் குறைப்பது

சரி, சிபியுவுக்குள் என்ன நடக்கிறது? சிப்பில் உள்ள டிரான்சிஸ்டர்கள் ஆன், ஆஃப் ஆகும்போது செலவாகும் மின்திறன், ஃப்ரீக்வென்சிக்கும் வோல்டேஜின் வர்க்கத்துக்கும் ஏற்ப ஏறுகிறது. ஃப்ரீக்வென்சியைக் குறைத்தால் வோல்டேஜையும் கொஞ்சம் குறைக்கலாம், ஏனென்றால் மெதுவாக ஓடும் சுற்றுக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை. இந்த இரண்டும் சேர்ந்து குறைவதில்தான் லாபமே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃப்ரீக்வென்சியை 20 சதவீதம் குறைத்தோம், அதனால் வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கியது. 0.8-ஐ 0.9-ஆல் இரண்டு முறை பெருக்கினால் 0.65 வருகிறது, அதாவது மின்திறன் 35 சதவீதம் குறைவு. ஆனால் அதே வேலை முடிய 25 சதவீதம் கூடுதல் நேரம் ஆகும். ஆக ஒரு வேலைக்கு ஆகும் மொத்த ஆற்றல் 0.65 பெருக்கல் 1.25, கிட்டத்தட்ட 0.81. ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். நல்ல பேரம்தான். உச்சி வேகத்துக்குப் பக்கத்தில், டர்போ (சிப் தன் வழக்கமான வேகத்தையும் தாண்டி ஓடும் நிலை) ஓடும் இடத்தில், இந்தப் பேரம் இன்னும் நன்றாக இருக்கும், ஏனென்றால் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜ் தாறுமாறாக ஏறுகிறது.

இதில் ஒரு சிக்கல். அந்த 0.81 சிபியுவுக்குள் ஆன், ஆஃப் ஆகும் பகுதிக்கு மட்டும் போட்ட கணக்கு. மெமரியும் விசிறியும் மற்றதும் அந்தக் கூடுதல் 25 சதவீத நேரமும் விழித்திருந்து கரண்டு இழுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் சிலர் எதிர்ப்பக்கம் வாதாடுவார்கள்: வேலையை முழு வேகத்தில் முடித்துவிட்டுச் சீக்கிரம் தூங்கப் போவதே மேல் என்று. யார் சொல்வது சரி என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. உங்கள் சர்வர் தூங்கும்போது எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்பதைப் பொறுத்தது அது. நன்றாகத் தூங்கத் தெரிந்த மெஷின் என்றால் ஓடி முடிப்பது லாபம். சும்மா நிற்கும்போதும் பாதி கரண்டு இழுக்கும் பழைய மெஷின் என்றால் ஓடி முடித்தும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. நடைமுறையில், அடிமட்ட வேகத்துக்கும் உச்ச வேகத்துக்கும் நடுவில் எங்கோதான் ஒரு வேலைக்கான ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும், இரண்டு முனைகளிலும் அது கூடிவிடும்.

தூங்குவதும் எழுவதும்

சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைக் கோர் என்பார்கள். கையில் வேலை இல்லாத கோர் தூங்கப் போகும். அதில் படிகள் உண்டு, சி-ஸ்டேட் என்பார்கள். சி0 என்றால் விழிப்பு. சி1 லேசான கண்ணயர்வு, கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். சி6 ஆழ்ந்த தூக்கம்: கோர் தன் நிலைமையை எல்லாம் வேறோர் இடத்தில் எழுதிவைத்துவிட்டு, வோல்டேஜே ஏறக்குறைய துண்டிக்கப்பட்ட நிலைக்குப் போய்விடும்.

எந்தப் படிக்குப் போவது என்பதை எப்படித் தீர்மானிப்பது? அண்ணா சாலையில் சிவப்பு சிக்னலில் நிற்கும் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டவுனில் 90 விநாடி என்று காட்டினால் அண்ணன் எஞ்சினை அணைத்துவிடுவார். 8 என்று காட்டினால் அணைக்க மாட்டார், அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்வதற்கே எரிபொருளும் நேரமும் வீண், பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பது தனி. சிபியுவிலும் இதேதான், ஆனால் இங்கே கவுண்டவுன் போர்டு கிடையாது. அடுத்த வேலை எப்போது வரும் என்று லினக்ஸ் கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, ஊகிக்க வேண்டும். அதற்கென்றே மெனு, டியோ என்ற பெயர்களில் உள்ளே கணிப்பான்கள் இருக்கின்றன. பழைய இடைவெளிகளையும், அடுத்து அடிக்கவிருக்கும் டைமரையும் பார்த்து அவை முடிவெடுக்கின்றன.

எண்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இன்டெலின் ஸ்கைலேக் ஜியான் சிப்புகளுக்கு கெர்னலில் எழுதிவைத்திருக்கும் கணக்குப்படி சி1-லிருந்து எழ 2 மைக்ரோசெகண்ட் போதும். சி6-லிருந்து எழ 133 மைக்ரோசெகண்ட். குறைந்தது 600 மைக்ரோசெகண்டாவது தூங்கினால்தான் சி6-க்குப் போனதில் லாபம். இது போதாதென்று, எழுந்த கோரின் உள் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் சின்ன மெமரி) காலியாக இருக்கும், பழைய வேகம் திரும்ப இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இந்த 133 மைக்ரோசெகண்ட் பெரியதா சின்னதா? இங்கேதான் முன்பு போட்ட எல்லை உதவிக்கு வருகிறது. 200 மில்லிசெகண்ட் எல்லை உள்ள இணையதளத்துக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சி6-ஐ விட்டுவைக்கலாம். மெமரியிலிருந்து 200 மைக்ரோசெகண்டில் பதில் தர வேண்டிய கேஷ் சர்வருக்கு அது பாதிக்கு மேல் விழுங்கிவிடும். பங்குச்சந்தைக்கு ஆர்டர் அனுப்பும் மெஷினில் நினைத்தே பார்க்க முடியாது. நெட்டில் எங்கோ "சி-ஸ்டேட்டை எல்லாம் ஆஃப் பண்ணு, சர்வர் பறக்கும்" என்று ஒருவர் எழுதியிருப்பார். அவர் எழுதியது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை மெஷினை மனதில் வைத்து. அதைப் படித்துவிட்டு பில்லிங் சாஃப்ட்வேர் ஓடும் சர்வரில் செய்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொரு விஷயம், இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எல்லா கோரும் விழித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் டர்போ வேகம் குறையும். சில கோர்கள் ஆழ்ந்து தூங்கினால், விழித்திருக்கும் கோர்கள் அந்த மிச்ச மின்திறனை எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடலாம். ஆக சி-ஸ்டேட்டை மொத்தமாக அணைத்தால், ஒற்றை கோரில் ஓடும் வேலை சில சமயம் மெதுவாகவே ஆகும்.

கட்டுப்பாடு யார் கையில்?

வேகத்தை ஏற்றி இறக்கும் முடிவை எடுப்பது லினக்ஸில் கவர்னர் எனும் பகுதி. பெர்ஃபார்மன்ஸ் என்பது எப்போதும் மேலே வைத்திருக்கும். ஆன்டிமாண்ட் என்பது அவ்வப்போது எட்டிப் பார்த்து, வேலை கூடினால் ஏற்றும். ஸ்கெட்யூட்டில் (schedutil) என்பது 2016-ல் வந்தது, வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலரே தரும் தகவலை வைத்து முடிவெடுப்பதால் ஓரளவு சீக்கிரமாக எதிர்வினை காட்டும். பவர்சேவ் என்ற பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், நம்பியும் விடாதீர்கள்: பழைய டிரைவரில் அது அடிமட்ட வேகத்தில் பூட்டிவிடும், இன்டெலின் புதிய டிரைவரில் அதே பெயரில் இருப்பது வேலைக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

2015-ல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து இன்டெல் இந்த வேலையை சிப்பிடமே கொடுத்துவிட்டது. ஆபரேட்டிங் சிஸ்டம் சில மில்லிசெகண்டுக்கு ஒரு முறை பார்க்கும் இடத்தில் சிப் அதைவிட வேகமாகத் தானே முடிவெடுக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, உன் மனம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒரு குறிப்புக் கொடுப்பது மட்டும். ஈபிபி என்று அதற்குப் பெயர். பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ் பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ் பவர், பவர் என்று படிகள். ஏறி இறங்கும் லோடுக்கு நான் தொடங்கும் இடம் பேலன்ஸ் பெர்ஃபார்மன்ஸ்தான்.

ஆனால் இதற்கெல்லாம் மேலே பயோஸ், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு முன்பே மெஷினை எழுப்பும் மென்பொருள், உட்கார்ந்திருக்கிறது. சர்வர் கம்பெனிகள் தங்கள் பயோஸில் ஒரு பவர் ப்ரொஃபைல் வைத்திருக்கும். அது "வேகத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்ற நிலையில் இருந்தால் லினக்ஸில் நீங்கள் என்ன மாற்றினாலும் காற்றோடு போகும். கவர்னர் பட்டியலே காலியாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஓஎஸ் கட்டுப்பாடு என்ற நிலைக்கு மாற்றிவிட்டு, பிறகு தொடங்குங்கள். ரெட்ஹாட் குடும்பத்தில் டியூன்ட் என்ற கருவி இதையெல்லாம் தொகுத்து ஒரே கட்டளையில் மாற்றித் தரும். தனித்தனியாக நோண்டுவதைவிட அது நல்லது, ஆறு மாதம் கழித்து யார் எதை மாற்றினார்கள் என்று தேட வேண்டியிருக்காது.

பெரிய மிச்சம் மெஷினை அணைப்பதில்தான்

இதுவரை சொன்னது ஒரு மெஷினுக்குள் நடப்பது. அதில் கிடைப்பது நல்ல மிச்சம்தான் என்றாலும், சும்மா இருக்கும்போது இழுக்கும் அந்த அடிப்படைச் செலவை முழுதாக ஒழிக்க ஒரே வழி, மெஷினையே அணைப்பது.

சும்மா நின்றால் 150 வாட், முழு வேகத்தில் 400 வாட் இழுக்கும் சர்வர் என்று வைத்துக்கொள்வோம், நடுவில் நேர்கோட்டில் ஏறுகிறது என்றும் வைப்போம். இரண்டு சர்வர்கள் ஆளுக்கு 30 சதவீத வேலையில் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 225 வாட், மொத்தம் 450. வேலை முழுவதையும் ஒன்றில் போட்டு மற்றதை அணைத்தால் 60 சதவீதத்தில் ஒரு சர்வர், 300 வாட். மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு. எந்தக் கவர்னராலும் இதைத் தர முடியாது.

அப்படியென்றால் 90 சதவீதம் வரைக்கும் திணித்துவிடலாமே? முடியாது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய கணக்கு ஒன்று சொல்கிறது: வேலை செய்ய ஆகும் நேரத்தை, மிச்சமிருக்கும் கொள்ளளவால் வகுத்தால் பதில் நேரம் வரும். ஒரு கோரிக்கைக்கு 10 மில்லிசெகண்ட் வேலை என்றால், 30 சதவீத லோடில் 14, 60-ல் 25, 80-ல் 50, 90-ல் 100, 95-ல் 200. நிறைய கோர் உள்ள சர்வரில் வளைவு இவ்வளவு சீக்கிரம் தலைதூக்காது, கொஞ்சம் தள்ளித்தான் ஏறும், ஆனால் ஏறும்போது இன்னும் செங்குத்தாக ஏறும். 14 மில்லிசெகண்ட் 25 ஆனதை யாரும் கவனிக்கப் போவதில்லை, அதற்கு ஈடாக 150 வாட் கிடைத்தது. 60-லிருந்து 90-க்குப் போனால் கிடைக்கும் வாட் அதைவிடக் குறைவு, தாமதமோ நான்கு மடங்கு. லோடு ஏறி இறங்கும் இடத்தில் 90-ல் நிற்பது என்றால், சின்னதாக ஓர் அலை அடித்தாலும் 100-ஐத் தொட்டு வரிசை நீள ஆரம்பித்துவிடும், அது கலையவும் நேரம் பிடிக்கும். 60, 65 என்று நிறுத்திக்கொள்பவர்கள் பயந்தாங்கொள்ளிகள் இல்லை, அவர்களுக்கு இந்த வளைவு தெரியும்.

மெய்நிகர் மெஷின்கள் (விஎம், ஒரே சர்வருக்குள் தனித்தனி சர்வர் போல ஓடுபவை) வந்த பிறகு இந்த இடமாற்றம் எளிதாகிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்-ஐ நிறுத்தாமலேயே வேறு சர்வருக்கு நகர்த்தலாம். விஎம்வேரில் ராத்திரி லோடு குறைந்ததும் விஎம்களை ஒதுக்கிவிட்டுக் காலியான ஹோஸ்டை அணைத்துவைக்கும் வசதி பல வருடமாக இருக்கிறது. பலர் அதைத் தொடுவதில்லை, காலையில் அது எழாவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். நியாயமான பயம்தான், அணைத்த சர்வர் மெமரி சோதனை எல்லாம் முடித்து எழுந்து நிற்க நிமிடக்கணக்கில் ஆகும். அதனால் 10 மணிக் கூட்டத்துக்கு 10 மணிக்கு எழுப்பினால் பிரயோசனமில்லை. கூட்டம் எப்போது வரும் என்று தெரிந்த இடத்தில் ஊகமே வேண்டாம், 9.30-க்கே எழுப்பி வைக்க ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) போதும். ரிசல்ட் நாள், டிக்கெட் நாள், சம்பள நாள், இவையெல்லாம் காலண்டரில் இருப்பவை. தானியங்கிக் கருவிகளை நம்புவது காலண்டரில் இல்லாத கூட்டத்துக்கு.

பல சர்வர்களில் அப்ளிகேஷன்களைப் பரப்பி ஓட்டும் குபெர்னெட்டிஸில் இருக்கும் கிடைமட்ட ஆட்டோஸ்கேலர் அப்படிப்பட்ட கருவி. 15 விநாடிக்கு ஒரு முறை பார்க்கும். நான்கு பாட் (அப்ளிகேஷனின் ஓடும் பிரதிகள்) சராசரி 90 சதவீதத்தில் ஓடுகிறது, இலக்கு 60 என்றால், நான்கை ஒன்றரையால் பெருக்கி ஆறாக்கும். இறக்கும்போது மட்டும் இயல்பாக ஐந்து நிமிடம் பொறுக்கும், ஏனென்றால் இறக்கிய மறுநிமிடமே திரும்ப ஏற்ற வேண்டி வந்தால் இரண்டு செலவும் நம் தலையில்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, இதை விளக்கும் கட்டுரைகள் குறைவு. சிபியு 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது, கவர்னர் அதை 1.2-ல் ஓட்டுகிறது, கிராஃபில் 60 சதவீதம் காட்டுகிறது. நிஜத்தில் அது முழுக் கொள்ளளவில் எவ்வளவு? 0.6 பெருக்கல் 1.2, வகுத்தல் 3, அதாவது 24 சதவீதம். சர்வரிடம் நான்கில் மூன்று பங்கு பலம் மிச்சமிருக்கிறது, ஆட்டோஸ்கேலருக்கு அது தெரியாது. 60-ஐத் தாண்டியதும் புது பாட், அதற்கு இடமில்லை என்றால் புது சர்வர் என்று ஏற்றிக்கொண்டே போகும். கரண்டை மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் வேகத்தைக் குறைத்தோம், அதனாலேயே மறுபக்கம் கூடுதல் மெஷின் எழுந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததுதான் கோளாறு. சிபியு சதவீதத்தை வைத்து ஸ்கேல் செய்வதை விட்டுவிட்டு, விநாடிக்கு எத்தனை கோரிக்கை வருகிறது, வரிசையில் எத்தனை நிற்கிறது, 99-வது சதமானம் எங்கே இருக்கிறது என்பதை வைத்துச் செய்தால் இந்தக் குழப்பம் வராது.

வாடகை கிளவுடில் இருப்பவர்களுக்குக் கவர்னர், சி-ஸ்டேட் எல்லாம் பெரும்பாலும் கைக்கே எட்டாது. அவர்களுக்கு மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது. ஓஎம்ஆரில் எந்த அலுவலகத்தை எடுத்தாலும் டெவலப்மென்ட், டெஸ்டிங் சர்வர்கள் வாரம் முழுக்க 168 மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை ஆட்கள் தொடுவது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 12 மணி நேரம் என்று தாராளமாகப் போட்டாலும் 60 மணி நேரம்தான். மீதி 64 சதவீதத்தை அணைத்துவைக்க எந்த ஞானமும் வேண்டாம்.

சென்னையில் ஒரு வாட் ஒரு வாட்டாக நிற்காது

கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் சிறுசேரி, அம்பத்தூர் பக்கமெல்லாம் டேட்டா சென்டர்கள் முளைத்துவிட்டன. குளிர் நாடுகளில் ஜன்னலைத் திறந்த மாதிரி வெளிக்காற்றைக் கொண்டே ஆண்டில் பெரும்பகுதி சர்வரைக் குளிர்வித்துக்கொள்வார்கள். இங்கே அக்னி நட்சத்திரத்தில் மட்டுமில்லை, மார்கழியிலும் காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்கு அது சரிப்படாது. வருடம் பூராவும் சில்லர் ஓட வேண்டும். டேட்டா சென்டர் இழுக்கும் மொத்த மின்சாரத்தை சர்வர்கள் போன்ற கருவிகளுக்குள் போகும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பதை பியூஇ என்கிறார்கள். உலக அளவிலான சர்வேக்களில் சராசரி சில ஆண்டுகளாக 1.5, 1.6 பக்கத்திலேயே நிற்கிறது. 1.5 என்று எடுத்தால், சர்வரில் குறைத்த 100 வாட் மீட்டரில் 150 வாட்டாகக்கூடத் தெரியலாம், முன்பு சொன்ன 7,000 ரூபாய் 10,500 வரை போகும். உயர் அழுத்த இணைப்பில் இருப்பவர்களுக்கு யூனிட் கட்டணம் போக, உச்சத் தேவைக்கு கேவிஏ கணக்கில் தனியாகவும் கட்ட வேண்டும், காலை மாலை உச்ச நேரங்களில் கூடுதலும் உண்டு. ஆகவே பேக்கப், ராத்திரி ரிப்போர்ட் போன்ற அவசரமில்லாத வேலைகளை அந்த நேரங்களில் இருந்து தள்ளிவைப்பதும் மிச்சம்தான்.

ஏசி செலவைக் குறைக்க அறை வெப்பத்தை ஏற்றினால் ஓரளவு வரை நல்லது. சர்வர் உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. பல இடங்களில் ஸ்வெட்டர் போடும் அளவுக்கு வைத்திருப்பது வெறும் பழக்கதோஷம். ஆனால் ரொம்ப ஏற்றினால் சர்வரின் சொந்த விசிறிகள் வேகமெடுக்கும். விசிறியின் மின்திறன் வேகத்தின் மும்மடிப்படி ஏறுவது, 20 சதவீதம் வேகம் குறைந்தால் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், கூடினாலும் அதே கொடுமை. ஏசியில் மிச்சம் பிடித்ததை விசிறி வாங்கிக்கொண்டு போய்விடும்.

பவர் சப்ளையையும் ஒரு வார்த்தை. 150 வாட் இழுக்கும் சர்வரில் 800 வாட் சப்ளை இரண்டு இருந்தால் ஆளுக்கு 75 வாட், பத்து சதவீத லோடுகூட இல்லை. அந்த இடத்தில் சப்ளைகளின் செயல்திறன் சரியும். பவர் சப்ளைகளுக்குத் தரும் 80 பிளஸ் தரச்சான்றில் டைட்டானியம் என்ற படிக்கு முந்தைய படிகளில் 10 சதவீத லோடைச் சோதிப்பதே இல்லை. புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் தேவைக்கு ஏற்ற சப்ளை கேளுங்கள். ஸ்பெக்பவர் சோதனை முடிவுகளும் பொதுவில் கிடைக்கும், அதில் சும்மா நிற்பதிலிருந்து 100 சதவீதம் வரை பத்துப் பத்தாக வாட் அளந்து போட்டிருப்பார்கள். விற்பவர் 100 சதவீத வரியைக் காட்டுவார். நீங்கள் 20 முதல் 40 வரையிலான வரிகளைப் படியுங்கள், உங்கள் சர்வர் வாழப்போவது அங்கேதான்.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் எதையும் மாற்றாமல் ஒரு வாரம் அளக்க வேண்டும். சர்வரின் மேலாண்மைச் சிப்பிலிருந்து வாட், டர்போஸ்டாட் கருவியிலிருந்து கோர்கள் எந்த வேகத்தில் ஓடின, எந்தத் தூக்கத்தில் எத்தனை சதவீதம் இருந்தன என்ற கணக்கு, அப்ளிகேஷனிலிருந்து 99-வது சதமானம். மூன்றையும் ஒரே நேர அச்சில் வரையுங்கள். ஐந்து நிமிட சராசரி கிராஃபை நம்ப வேண்டாம், ஐந்து விநாடி வெடித்த கூட்டம் அதில் கரைந்துபோகும். அந்த வாரத்தில் உங்களுடைய 10 மணிக் கூட்டம் ஒன்றாவது வந்திருக்க வேண்டும், வராத வாரத்தை அளந்து பயனில்லை.

பிறகு ஒரே ஒரு மாற்றம், ஒரு சில சர்வர்களில் மட்டும், மீதி பழையபடியே. ஒரே நேரத்தில் கவர்னரையும் பயோஸையும் ஆட்டோஸ்கேலரையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாட் குறைந்து, 99-வது சதமானம் எல்லைக்குள்ளேயே இருந்தால் மற்ற சர்வர்களுக்கும் கொண்டுபோங்கள். எல்லையைத் தாண்டினால் எப்போது தாண்டுகிறது என்று பாருங்கள். லோடு மிகக் குறைவாக இருக்கும் நடுராத்திரியில் தாமதம் எகிறினால் அது ஆழ்ந்த தூக்கத்தின் வேலை, அந்த சர்வர்களில் மட்டும் சி6-ஐ எடுத்துவிட்டு சி1 அளவில் நிறுத்துங்கள். கூட்டம் ஏறும் முதல் சில விநாடிகளில் எகிறினால் வேகம் ஏறத் தாமதமாகிறது, ஈபிபியை ஒரு படி மேலே தள்ளலாம், அல்லது குறைந்தபட்ச ஃப்ரீக்வென்சியைக் கொஞ்சம் உயர்த்தலாம். கூட்டத்தின் உச்சியில் எகிறினால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது, அங்கே இன்னொரு சர்வர்தான் வேண்டும், அதைக் கூட்டத்துக்கு முன்னால் எழுப்பியிருக்க வேண்டும்.